பேயாண்டி மச்சானும் சென்டர் பேரிங்கும்

என் அக்கா ராக்கம்மாளைக் கட்டியவர் பேயாண்டி மச்சான். அவரைப் பற்றி யாராவது என்னிடம் விசாரித்தால், தங்கமான மனுசன், ஆனால் கூட ஒரு பழைய பிக்கப் வண்டி இருக்கிறது என்று சொல்வேன். குடிப்பழக்கம் உள்ள மாப்பிள்ளையைப் பற்றிப் பெண் வீட்டாரிடம் சொல்கிற குரலில்தான் சொல்வேன். நான் மருது. காளவாசலில் பைபாஸ் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். எத்தனையோ வண்டிகள் என் உயிரை வாங்கியிருக்கின்றன. சொந்தக்கார வண்டி வாங்குகிற மாதிரி எதுவும் வாங்கியதில்லை.

மச்சானுக்கு வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விடியும்போது மல்லிகை பறிப்பார்கள். அந்தப் பூவை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சேர்ப்பதுதான் வண்டிக்கு வேலை. பூ யாருக்காகவும் காத்திருக்காது. நேரம் கழித்துப் போனால் மார்க்கெட்டில் அதைப் பார்க்கிற பார்வையே வேறு மாதிரி இருக்கும். கொண்டுவந்தவனைப் பார்க்கிற பார்வையும்தான்.

அந்தத் தோட்டங்களில் மச்சானின் அப்பா கூலி வேலை பார்த்தவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரப்புக்குக் கீழே நின்றுதான் பேசுவார். உட்காரச் சொல்லி யாரும் சொன்னதில்லை, அவரும் உட்கார்ந்ததில்லை. மச்சானும் மீசை முளைக்கும்வரை அங்கே தண்ணீர் பாய்ச்சினார். அப்புறம் லாரியில் கிளீனராகப் போனார், டிரைவரானார், கடைசியில் எவனோ ஓட்டிக் களைத்துப்போன இந்த பிக்கப்பை வாங்கினார். இன்றைக்கு அதே தோட்டக்காரர்கள் விடியக்காலையில் ரோட்டோரம் மூட்டையை வைத்துக்கொண்டு, பேயாண்டி வந்துட்டாரா, பேயாண்டி வந்துட்டாரா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இதைப் பற்றி மச்சான் ஒரு வார்த்தை பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு தோட்டத்து முக்கிலும் ஹாரன் அடிப்பார். கொஞ்சம் நீளமாகவே அடிப்பார்.

போன பங்குனியில், முகூர்த்தத்துக்கு முந்தின நாள், அந்த வண்டி பரவைக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. ஊர்ப் பூ மொத்தமும் அதில் இருந்தது. நான் போய்ச் சேர்ந்து கிளப்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மல்லிகை பழுப்படித்து, அள்ளிக் கொட்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டது. தோட்டக்காரர்கள் வீட்டுக்கு வந்து பேச வேண்டியதையெல்லாம் பேசினார்கள். மச்சான் அப்போது வீட்டில் இல்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது அக்கா.

அக்கா பேச்சு வாங்குகிற ஆள் இல்லை. அன்று சாயங்காலமே மச்சானைக் கருப்பு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டாள். எங்கள் வீடுகளில் ஒரு விசயத்தை முடிவு செய்ய வேண்டுமென்றால் பேச்சுவார்த்தை கொஞ்ச தூரம்தான் போகும். அதற்கு மேல் கருப்பு முன்னால் சூடத்தை ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டியதுதான். அதற்கு அப்பீல் கிடையாது.

"இன்னொருக்கா பூவோட போகயில இந்த வண்டி ரோட்டுல நின்னுச்சுன்னா, அன்னைக்கே வித்துப்புடுறேன்" என்று சொல்லி மச்சான் சூடத்தை அணைத்தார். உள்ளங்கை பொத்துப்போனது. அக்கா வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

வண்டியை விற்றால் என்ன வேலை பார்ப்பது என்பதும் தயாராக இருந்தது. மச்சானின் மகள் முத்துமீனா மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். மருமகன் விக்ரம் நல்ல பையன். மாமனார் இந்த வயசில் விடியலுக்கு முன்னால் எழுந்து அல்லாட வேண்டாம் என்று, எங்கள் ஏரியாவில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தான். நாற்காலி உண்டு, ஃபேன் உண்டு, யூனிஃபார்ம் உண்டு. விசிலைக்கூட முன்கூட்டியே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். மச்சான் என் ஒர்க்ஷாப்புக்கு வந்து அதை ஊதிக் காட்டினார். காற்று மட்டும் வந்தது.

"பழகிரும் மச்சான்" என்றேன்.

"விசிலு பழகிரும் மாப்ள. கார் வந்தா எந்திரிச்சு நிக்கணுமாம்ல" என்றார்.

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

சத்தியம் செய்த நாளிலிருந்து மச்சான் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு வண்டிக்குக் காது கொடுக்கிற வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். முதலில் பாட்டுப்பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள் பேசக் கூடாது என்றார். பக்கத்துத் தெரு மொக்கைச்சாமிக்கு இருமல் உண்டு. ஒருநாள் அவரை ஏற்றிக்கொண்டு போகும்போது, "அண்ணே, சமயநல்லூர் வரைக்கும் அடக்கிக்கங்க, என்னமோ ஒரு சத்தம் கேக்குது" என்று சொல்லியிருக்கிறார். மொக்கைச்சாமி அதற்கப்புறம் பஸ்ஸில்தான் போகிறார்.

எனக்குத் தினமும் போன் வரும். ஓடுகிற வண்டியில் போனைக் காலடியில் பிடித்துக்கொண்டு, "கேக்குதா மாப்ள, கேக்குதா" என்பார். ரயில் எஞ்சினுக்குள் தலையை விட்ட மாதிரி இரைச்சல்தான் கேட்கும். "ஒண்ணுமில்ல மச்சான், போங்க" என்பேன். ஒருநாள் கதவு இடுக்கில் மாட்டியிருந்த அவர் துண்டின் நுனி காற்றில் படபடத்த சத்தத்துக்காக என்னை வாடிப்பட்டி வரை வரவைத்தார். துண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை போன் வந்தபோது, எனக்கே கேட்டது. வேகம் எடுக்கும்போது அடியில் ஒரு உறுமல். கிளப்பும்போது டொக்கென்று ஒரு இடி.

"மச்சான், பூவ எறக்கிட்டு மெதுவா வீட்டுக்குப் போங்க. அப்புறம் எடுக்காதீங்க. நான் வாரேன்."

"நின்னுருமா மாப்ள?"

"நின்னுரும்."

அன்று மத்தியானமே போனேன். வண்டி வீட்டு வாசலில் நின்றது. அடியில் படுத்துக் கையால் ஆட்டிப் பார்த்தேன். எஞ்சின் சுற்றுவதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக நீளமாக ஒரு இரும்புக் குழாய் இருக்கும். ஷாப்ட் என்போம். இந்த மாதிரி வண்டியில் அது ரெண்டு துண்டு. நடுவில் தொங்கிப்போகாமல் இருக்க, ரப்பருக்குள் ஒரு பேரிங்கை வைத்து மேலே தூக்கிக் கட்டியிருப்பார்கள். அதுதான் சென்டர் பேரிங். மச்சான் வண்டியில் அந்த ரப்பர் தேய்ந்த செருப்பு மாதிரி பிய்ந்து தொங்கியது. பேரிங் கையால் சுற்றினாலே கரகரவென்று அழுதது. இதை வைத்துக்கொண்டு அன்று மார்க்கெட்டுக்கும் போய் வீடும் வந்து சேர்ந்திருக்கிறார் என்றால், அது கருப்பு போட்ட பிச்சை.

ஷாப்டின் ரெண்டு துண்டையும் பிரிப்பதற்கு முன்னால், அவை சேருகிற இடத்தில் சாக்பீஸால் ரெண்டிலும் நீளமாக ஒரு கோடு போட்டேன். எப்படிக் கழற்றினோமோ அப்படியே திரும்பக் கோர்க்க வேண்டும். மாற்றிக் கோர்த்தால் ஷாப்ட் சுற்றும்போது நொண்டும். நொண்டி நொண்டி வண்டியைக் குலுக்கி, புது பேரிங்கையும் தின்றுவிடும். இதை மச்சானிடம் ரெண்டு தடவை சொன்னேன். "வெள்ளைக்கு நேரா வெள்ளை வரணும், அம்புட்டுத்தானே" என்று கேட்டுக்கொண்டார்.

நான் வாங்கிக்கொண்டு போயிருந்த பேரிங் இந்த ஷாப்டுக்குச் சேரவில்லை. பழசைக் காட்டி மதுரையில்தான் மாற்ற வேண்டும். ஷாப்ட் துண்டுகளை வாசலில் ஒரு சாக்கு மேல் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். மச்சான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மாப்ள, இப்ப வண்டி நின்னுருச்சுன்னு ஆகுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா உள்ளேயிருந்து சொன்னாள். "வீட்டு வாசலு ரோட்டுல சேராது. வண்டில பூவும் இல்ல. ரெண்டு பேரும் சாப்பிட வாங்க."

மறுநாள் காலையில் ஊர்ப் பூவைப் பால்பாண்டி வண்டி எடுத்துக்கொண்டு போனது. பால்பாண்டி அடுத்த ஊர்க்காரன், புது வண்டி வைத்திருக்கிறான், ஹாரன் அடித்தால் பாட்டுப் பாடும். மச்சான் முக்கில் நின்று எல்லா மூட்டைகளையும் தன் கையாலேயே அதில் ஏற்றிவிட்டாராம். பூ வாட்டமாக இருந்தது என்று பால்பாண்டி நாளைக்குச் சொல்லிவிடக் கூடாதாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சரியான பேரிங்கோடு போய்ச் சேர்ந்தேன். ஷாப்ட் துண்டுகள் ரெண்டும் பளபளவென்று கிடந்தன. வெள்ளிக்கிழமை வாசல் கழுவும்போது அக்கா அவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறாள். எனக்குத் திக்கென்றது. குனிந்து பார்த்தேன். சேருகிற இடத்தில் வெள்ளை இருந்தது, ரெண்டு துண்டிலும் இருந்தது. இதே என் பெண்டாட்டியாக இருந்தால் அதையும் சேர்த்துத் துடைத்திருப்பாள், அக்காவுக்கு எம்புட்டுக் கவனம் என்று நினைத்துக்கொண்டேன்.

புது பேரிங்கைத் தட்டி ஏற்றினேன். நான் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். மச்சான் வெளியே உட்கார்ந்து, வெள்ளைக்கு நேராக வெள்ளை வைத்து, ரெண்டு துண்டையும் கோர்த்து உள்ளே நீட்டினார். நானும் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. மாட்டி முடுக்கினேன். இங்கே ஒரு விசயம் சொல்லிவிடுகிறேன். நீ மெக்கானிக்தானே, வெள்ளையைப் பார்க்காமல், ரெண்டு முனையும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஷாப்டின் வாட்டத்தைப் பார்த்திருக்கலாமே என்று அப்புறம் சில பேர் என்னிடம் கேட்டார்கள். அவர்களை ஒருநாள் ஆவணி வெயிலில், முதுகுக்குக் கீழே சரளைக்கல்லோடு, அந்த வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்கிறேன்.

வெறும் வண்டியாக ஊரைச் சுற்றி வந்தோம். உறுமல் போய்விட்டது. லேசாக ஒரு நடுக்கம் இருந்தது.

"அது என்ன மாப்ள?"

"புது ரப்பர் மச்சான். ஓட ஓடப் படிஞ்சிரும்."

எல்லா மெக்கானிக்கும் இதைத்தான் சொல்வான்.

சனிக்கிழமை காலையில், மறுநாள் முகூர்த்தம் என்பதால், வண்டி நிறையப் பூ. அக்காவும் மகள் வீட்டுக்குப் போக முன்னால் ஏறிக்கொண்டாள். வாடிப்பட்டி தாண்டி நாலுவழிச் சாலையில் வேகம் எடுத்ததும் வண்டி குலுங்க ஆரம்பித்திருக்கிறது. மச்சான் வேகத்தைக் குறைத்திருக்கிறார், குலுக்கல் குறையவில்லை. சமயநல்லூர் தாண்டியதும் அடியில் டமார் என்று ஒரு சத்தம். பேரிங்கைத் தூக்கிப் பிடித்திருந்த போல்ட் ஒன்று அறுந்துபோய் ஷாப்ட் தொங்கிவிட்டது. மச்சான் வண்டியை ஓரங்கட்டி எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, நின்னுருச்சு" என்றார். நான் எங்கே என்று கேட்டேன், இடத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என்ன சத்தம் என்று சொல்லவில்லை. போனை அடியில் பிடித்துக் காட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பின்னால் வந்த பால்பாண்டி அதற்குள் மூட்டைகளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தான். நக்கலாக ஒரு வார்த்தை பேசவில்லையாம், அண்ணே தண்ணி வேணுமா என்று மட்டும் கேட்டானாம். பேசியிருந்தால்கூடத் தேவலை. மச்சான் ரோட்டோரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அக்கா வண்டியை விட்டு இறங்கவில்லை, சாவியை மடியில் வைத்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியை அவர்தான் கொடுத்திருக்கிறார்.

"முத்துமீனாகிட்டப் பேசிட்டேன் மாப்ள" என்றார். "திங்கக்கெழம வந்து வேலைல சேந்துக்கிறேன்னு சொல்லிட்டேன். நீ வண்டிக்கு ஒரு ஆளப் பாரு. நல்லா வச்சு ஓட்டுறவனா பாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று தெரியாததால் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். ஷாப்ட் சேருகிற இடத்தைப் பார்த்தேன். வெள்ளைக்கு நேராக வெள்ளை அப்படியே இருந்தது, ஆனால் ஷாப்ட் கோணலாகக் கோர்த்திருந்தது. கட்டைவிரலால் அந்த வெள்ளையைத் தேய்த்தேன். சாக்பீஸ் இல்லை. மோந்து பார்த்தேன்.

வெளியே தலையை நீட்டி, "ஏக்கா, இதுல நான் போட்ட கோடு எங்க?" என்று கேட்டேன்.

"என்னமோ கிறுக்கியிருந்துச்சு. தொடச்சுவிட்டேன்."

"அப்ப இந்த வெள்ள?"

"அது கருப்பு கோயில் துன்னூறு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வண்டி நல்லா ஓடணும்னு ரெண்டு துண்டுலயும் பூசிவிட்டேன்."

திருநீற்றை நான் என்னவென்று திட்டுவது. பல்லைக் கடித்துக்கொண்டு, "விக்கச் சொல்லி சத்தியம் வாங்குனதே நீதானக்கா" என்றேன்.

"நின்னா விக்கச் சொன்னேன். நிக்கணும்னா சொன்னேன்?"

நான் மச்சானிடம் போய் உட்கார்ந்து எடுத்துச் சொன்னேன். வண்டியில் பழுதே கிடையாது, பேரிங் நல்ல பேரிங், கோர்த்த விதம்தான் தப்பு, கோடு அழிந்ததால் வந்த வினை, இதை நின்றதாகக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று வக்கீல் மாதிரி பேசினேன். மச்சான் பொறுமையாகக் கேட்டார்.

"சூடத்த அணைக்கயில யாரு தப்பால நின்னுச்சுன்னான்னு நான் சொல்லலையே மாப்ள. நின்னுச்சுன்னான்னுதான் சொன்னேன். பூவோட நின்னுருச்சு. நாமளே இப்படிப் பேசிப் பேசித் தப்பிச்சோம்னா, அப்புறம் எதுக்குச் சாமி" என்றார்.

விற்கிற வண்டியாக இருந்தாலும் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும் இல்லையா. மறுபடி அடியில் போய் ஷாப்டைப் பிரித்து, கண்ணால் வாட்டம் பார்த்து நேராகக் கோர்த்தேன். பையில் இருந்த ஒரு போல்ட்டைப் போட்டேன். ரப்பர் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது, இன்றைக்குத் தாங்கும்.

அப்போது வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்காவின் கால்கள் இறங்கி, மச்சானின் கால்களுக்கு எதிரே போய் நின்றன. அடியிலிருந்து எனக்கு நாலு கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

"வண்டி நிக்கல" என்றாள் அக்கா. "எனக்குத் தலசுத்துச்சு. ஓரமா நிப்பாட்டுய்யான்னு சொன்னேன். நீ நிப்பாட்டுன."

ஒரு பஸ் போனது.

"நீ எப்பப் புள்ள சொன்ன?"

"ஒனக்கு வண்டிச் சத்தந்தான் காதுல விழும். நாஞ் சொன்னது எங்க விழுகும்."

"காதுல விழாம நான் எப்படி நிப்பாட்டுனேன்?"

"நிப்பாட்டுனல்ல. அப்பக் கேட்டுருக்கு."

"அப்புறம் டமார்னு ஒரு சத்தம் வந்துச்சே."

"அது வண்டிய நிப்பாட்டுனதுக்கு அப்புறம்."

"நிப்பாட்டுன வண்டில எப்படிப் புள்ள டமார்னு கேக்கும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும். மெக்கானிக்கத்தான் கேக்கணும்."

நாலு கால்களும் என் பக்கம் திரும்பின. ஷாப்ட் சுற்றாமல் நிற்கிற வண்டியில் சென்டர் பேரிங் போல்ட் டமார் என்று அறுந்துபோகாது. எங்கேயும் அறுந்ததில்லை. சைக்கிள் கடை வைத்திருக்கிறவனுக்குக்கூட அது தெரியும்.

"கேக்கும்" என்றேன்.

மச்சான் மெதுவாகத்தான் சொன்னார்.

"கருப்புக்குத் தெரியும்ல ராக்கு."

"தெரியட்டும். நீ சொன்ன சொல்லு தப்பல. பொய்யிச் சொன்னது நானு. கேட்டா எங்கிட்டக் கேக்கட்டும், நாஞ் சொல்லிக்கிறேன்." அவள் கால்கள் இன்னும் ஒரு எட்டு அவர் பக்கம் நகர்ந்தன. "நீ போயி எவங் காருக்கும் எந்திரிச்சு நிக்க வேணாம். மொதல்ல மகளுக்குப் போனப் போடு."

மச்சான் போன் போட்டார். நான் அடியிலேயே படுத்திருந்தேன்.

"ஆத்தா, அப்பாதான். திங்கக்கெழம வரல ஆத்தா. இல்ல, வண்டி நல்லாருக்கு. நின்னுருச்சுன்னு காலைல தெரியாமச் சொல்லிட்டேன்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ஒங்கம்மா நிப்பாட்டச் சொன்னா. நிப்பாட்டுனேன்."

முடுக்குவதற்கு இனி ஒன்றுமில்லை. இருந்தாலும் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கும்வரை முடுக்கிக்கொண்டே இருந்தேன்.